மடிப்பு விழாத பக்கம்

அத்தியாயம் 5

மழை பெய்த வாரங்களில் மட்டும் அந்தப் பெண்ணின் சம்பளம் குறைந்திருந்தது.

பெனாசிர் பேங்க் ஸ்டேட்மென்டின் மேல் பென்சிலை வைத்துவிட்டு எதிரே பார்த்தாள். ஊர்க்காவலன் எண்ணெய் பரோட்டாப் பொட்டலத்தை மும்முரமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம் குடுக்குற கம்ப்யூட்டர் கம்பெனி ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?”

“சனிக்கிழமை சம்பளம்னா அது கம்ப்யூட்டர் இல்ல மேடம், சிவகாசி.”

“மே மாசம் கோடை மழை பேஞ்ச ரெண்டு வாரமும் பாதிச் சம்பளம்தான் வந்திருக்கு.”

“நனைஞ்சா ஓடாத கம்ப்யூட்டர் போல.”

மழை பெய்த நாட்கள் பெனாசிருக்கு நன்றாகவே நினைவிருந்தன. விருதுநகர் கடைவீதியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம் மாடியில் இருந்தது. கீழே மிளகாய் வற்றல் மண்டி. மழை வந்தால் மண்டிக்காரர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவள் அலுவலகத்துக்குள் வந்துவிடுவார்கள். மே மாதத்தில் இரண்டு வாரம் அவள் தும்மிக்கொண்டேதான் வேலை பார்த்தாள்.

பெனாசிருக்கு நாற்பத்து நான்கு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் பதினைந்து வருடம் இருந்தாள். கணவர் கமாலுதீன் மௌத்தாகி அவள் தனியாளான பிறகு அதை விட்டுவிட்டு இந்த அலுவலகத்தைத் திறந்தாள். பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச ஆள் இல்லாததால் அலுவலகத்தைப் பூட்டும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. உதவியாளர் ஊர்க்காவலன் சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் பைண்டிங் வேலை பார்த்தவர். அச்சகம் கைமாறியபோது வேலை போயிற்று, வாய் மட்டும் போகவில்லை.

இந்த வழக்கைக் கொடுத்தவன் சாபிர், பெனாசிருடைய அக்கா பைரோஜாவின் மகன். சின்ன வயதில் பாதி நாள் பெனாசிர் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் மதுரை ரோட்டில் ‘விதை’ என்று ஒரு கோடிங் பள்ளியைத் தொடங்கியிருந்தான். படிக்கும்போது ஒரு பைசா கட்ட வேண்டாம். வேலை கிடைத்து, சம்பளம் மாதம் இருபதாயிரத்தைத் தாண்டினால், மூன்று வருடத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்கு தர வேண்டும். அதுவரை மாதாமாதம் பேங்க் ஸ்டேட்மென்ட் காட்ட வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

காணாமல் போனவள் எழில். இருபத்து மூன்று வயது, எம். புதுப்பட்டிப் பெண். ஐந்து மாதம் ஒழுங்காக ஸ்டேட்மென்ட் அனுப்பினாள். அதில் இருபதாயிரத்துக்கு மேல் வந்திருப்பதைப் பார்த்துப் பள்ளி பணம் கேட்டது. அத்தோடு அவளிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. அவள் போன் காலை ஏழு மணிக்கு அணைந்து மாலை நான்கு மணிக்குமேல்தான் உயிர் பெற்றது; அப்போதும் அவள் எடுப்பதில்லை. பெரிய கம்பெனிகளில் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள் என்று சாபிர் விளக்கம் சொன்னான். பெங்களூரில் இருக்கிறாளாம். எங்கே இருந்தால் என்ன, ஆளைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் சாச்சி என்றான். அவளிடம் காட்டுவதற்காக அவள் கையெழுத்துப் போட்ட அசல் ஒப்பந்தத்தையும் கொடுத்திருந்தான்.

“போனை வாசல்லயே வாங்கி வைக்கிற இடம் பெங்களூர்ல மட்டுமா இருக்கு?” என்றாள் பெனாசிர்.

ஊர்க்காவலன் பரோட்டாவை மெல்லுவதை நிறுத்தினார். பட்டாசு ஆலைக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. மழை பெய்தால் வெடியைக் காயவைக்க முடியாது, வேலையும் நடக்காது. கூலி சனிக்கிழமை.

“மேடம், எட்டு மாசம் கம்ப்யூட்டர் படிச்ச பிள்ள வெடிக்குள்ள மருந்து செலுத்துறாளா?”

பணம் போட்ட இடத்தைப் பெனாசிர் இன்ஷூரன்ஸ் காலத்தில் பழகிய பேங்க் ஆட்களிடம் விசாரித்து வைத்திருந்தாள். ஆமத்தூரில் ஒரு மொபைல் கடை. பேங்குக்குப் போகாமலே கணக்கில் பணம் போடும் வசதி அங்கே உண்டு.

அதற்கு முன்னால், முந்தின நாள்தான், அவள் புதுப்பட்டிக்குப் போய் எழிலின் அம்மாவைப் பார்த்திருந்தாள். சண்முகத்தாய் முன்பு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். ஒரு விபத்துக்குப் பிறகு இடது கையின் மூன்று விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. இப்போது வீட்டிலேயே தீப்பெட்டி லேபிள் ஒட்டுகிறாள். மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பதைத் தெருவுக்கே சொல்லியிருந்தாள். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டபோது, வீட்டுக்கு எடுத்துவந்து மகள் வாசித்துக் காட்டியதாகவும், அதன் பிறகே தான் கையெழுத்துப் போட்டதாகவும் சொன்னாள்.

“கம்ப்யூட்டர் வேல கெடச்சாத்தான் துட்டு. வேற வேலைக்குப் போனா ஒண்ணும் குடுக்க வேண்டாம்னு போட்டிருந்துச்சு. நான் ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன்” என்றாள்.

படிக்காத தாய், பாதியைக் கேட்டுப் பாதியை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பெனாசிர் எடுத்துக்கொண்டாள். பையில் இருந்த ஒப்பந்தத்தை அவள் அதுவரை வரிவரியாகப் படித்திருக்கவில்லை. சாபிர் கொடுத்ததாயிற்றே.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு இருவரும் ஆமத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். மொபைல் கடையில் சினேகா என்ற பெண் இருந்தாள். எழிலின் போட்டோவைக் காட்டியதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். ஆனால் வாயைத் திறக்கத் தயங்கினாள். கடனுக்கு விரட்டுகிறவர்களா என்று கேட்டாள்.

“எங்களப் பாத்தா விரட்டுற மாதிரியா இருக்கு? எனக்கு முட்டி தேஞ்சு நாலு வருசமாச்சு” என்றார் ஊர்க்காவலன்.

சினேகா சிரித்துவிட்டாள். அந்த அக்கா சனிக்கிழமை ஐந்து மணிவாக்கில் வருவார், பணத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், இத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை என்றாள்.

ஐந்தேகாலுக்கு எழில் வந்தாள். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டிய தலை. கை கழுவி, முகம் கழுவி, சுடிதார் மாற்றித்தான் வந்திருந்தாள். ஆனாலும் நகக்கண்ணில் வெள்ளி நிறம் மினுங்கியது. பெனாசிர் தன் பெயரைச் சொல்லி, ‘விதை’யிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்றதும் அவள் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே தோள்கள் தொங்கின.

“எங்கம்மாகிட்ட சொல்லிட்டீகளா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

சொல்லவில்லை என்றாள் பெனாசிர். எழில் அவர்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள்.

ஒற்றை அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். ஒரு சுவரில் மட்டும் நீலத் துணியை இழுத்துக் கட்டியிருந்தாள். பக்கத்து ஆணியில் கழுத்தில் போடும் அடையாள அட்டை ஒன்று தொங்கியது. அதில் எங்குமே இல்லாத ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. அம்மாவோடு வீடியோவில் பேசும்போது அதை மாட்டிக்கொண்டு நீலத் துணிக்கு முன்னால் உட்காருவாளாம்.

அவள் கதையைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள்போலச் சொன்னாள். படிப்பு முடிந்து சென்னையில் ஐந்து மாதம் ஹாஸ்டலில் இருந்திருக்கிறாள். நாற்பத்தொரு இன்டர்வியூ. புது ஆட்களை எடுப்பதையே நிறுத்திவிட்டோம் என்றுதான் பாதி இடத்தில் சொன்னார்கள். கையிருப்புத் தீர்ந்தது. ஊரில் வேறு வேலை கிடையாது; பட்டாசு ஆலையின் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்ததால் ஊருக்குப் போக முடியவில்லை. அம்மாவுக்கு அனுப்பப் பணமும் வேண்டும். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்று போனில் சொல்லிவிட்டு ஆமத்தூரில் வந்து இறங்கினாள். இந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் பேன்சி வெடிக்கு மருந்து செலுத்தும் வேலை. ஆபத்தான அறை என்பதால் கூலி அதிகம். சீசன் நேரத்தில் இருபதாயிரத்தைத் தாண்டிவிடும்.

“பஸ் ஏறுனா ஒரு மணி நேரத்துல வீடு. ஒரு தீபாவளிக்குக்கூடப் போகல. லீவு தர மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்” என்றாள். “ஞாயித்துக்கிழம முழுக்க யார்கிட்டயும் பேச மாட்டேன் மேடம். திங்கக்கிழம ஆலை கேட்டுல பேர் கூப்பிடும்போது பதில் சொல்லக் குரல் வராது.”

பெனாசிர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லவும் முடியாது. அவள் வந்தது ஆளைப் பிடித்துக் கொடுக்க.

ஒப்பந்தத்தின்படி பணம் கட்டித்தானே ஆக வேண்டும் என்று கேட்டாள். எழில் தலையை ஆட்டினாள். கம்ப்யூட்டர் வேலை கிடைத்தால்தான் பங்கு, பட்டாசு வேலைக்குக் கிடையாது, அதனால்தான் ஒளிக்காமல் ஸ்டேட்மென்ட் அனுப்பினேன் என்றாள். பள்ளியில் அதைச் சொன்னபோது, ஒப்பந்தத்தைப் போய்ப் படி என்றார்களாம். படிக்க அவளிடம் நகல் இல்லை. தருகிறோம் என்று சொல்லியே காலத்தைக் கடத்திவிட்டார்கள். பிறகு அம்மாவுக்கு நோட்டீஸ் அனுப்புவோம் என்றார்கள். அதில்தான் பயந்து போனாள்.

பெனாசிர் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து நீட்டினாள். எழில் முதல் தாளைப் புரட்டினாள். இரண்டாவது தாளில் அவள் விரல் நின்றது. ‘எந்தத் துறையில், எந்த வேலையில் ஈட்டிய வருமானமாயினும்’ என்று அதில் இருந்தது.

“இது நான் கையெழுத்துப் போட்டது இல்ல மேடம்.”

பொய் கிளெய்ம்களோடு பதினைந்து வருடம் பழகியவள் பெனாசிர். கையெழுத்துப் போட்ட எல்லோரும் ஒருநாள் இந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். கடைசித் தாளில் எழிலின் கையெழுத்தும், அடியில் சண்முகத்தாயின் கோணல் எழுத்தும் தெளிவாக இருந்தன. அவள் அதைச் சுட்டிக்காட்டினாள். எழில் அழுதாள்.

ஊர்க்காவலன் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கினார். வாசிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

“ஏ பிள்ள, இத வீட்டுக்குக் கொண்டுபோகும்போது எப்படிக் கொண்டுபோன?”

நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன், அம்மா கையெழுத்துப் போட்டதும் அப்படியே மடித்துக் கொண்டுவந்து பள்ளியில் கொடுத்தேன் என்றாள் எழில்.

“மூணையும் சேத்தா?”

“மூணையும் சேத்துத்தான்.”

ஊர்க்காவலன் தாள்களைப் பாயில் வரிசையாகப் பரப்பினார். முதல் தாளில் குறுக்கும் நெடுக்குமாக மடிப்புக் கோடு. மூன்றாவது தாளிலும் அதே இடத்தில் அதே கோடு. இரண்டாவது தாள் ரீமிலிருந்து இப்போதுதான் உருவியது போல வழுவழுவென்று கிடந்தது.

“நான் இருபத்திரண்டு வருசம் தாள் மடிச்சவன் மேடம். மடிப்ப இஸ்திரி போட்டாலும் எடுக்க முடியாது” என்றார். “ரெண்டு பேர் புதுப்பட்டிக்குப் போய்ட்டு வந்திருக்காக. நடுவுல இருக்கிறவரு விருதுநகர விட்டு நகரவே இல்ல.”

கையெழுத்துகள் முதல் தாளிலும் மூன்றாவதிலும்தான் இருந்தன. நடுத்தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. அதை மாற்றினால் யாருக்கும் தெரியாது.

அம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். இரண்டு தடவை.

திரும்பும்போது பஸ்ஸில் ஊர்க்காவலன் எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் வருவதே பெனாசிருக்குப் பாரமாக இருந்தது. அக்கா பைரோஜாவின் வீட்டு வெள்ளிக்கிழமைச் சாப்பாடுதான் வாரத்தில் அவள் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரே சாப்பாடு. சாபிர்தான் அவளுக்குப் பரிமாறுவான். பள்ளியில் வேலை பார்க்கும் யாரோ அவனுக்குத் தெரியாமல் செய்திருக்கலாம் என்று மனசு ஒரு வழி தேடியது. விருதுநகர் வருவதற்குள் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. இருபதாயிரத்தில் ஆறில் ஒரு பங்கு யாருக்குப் போகிறது என்பதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை பள்ளி காலியாக இருந்தது. வரிசையாகத் திரைகள் அணைந்து கிடந்தன. சாபிர் டீ வாங்கிவர எழுந்தான். பெனாசிர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று தாள்களையும் அவன் மேஜையில் பரப்பினாள். மடிப்பைத் தடவிக் காட்டினாள்.

அவன் மறுக்கவில்லை. முதலில் அந்தப் பக்கத்தை எழுதியபோது உண்மையாகத்தான் எழுதினேன் என்றான். படித்தவர்களுக்கு வேலை கிடைக்காவிட்டால் தனக்கும் வேண்டாம் என்றுதான் நினைத்தானாம். அறுபத்திரண்டு பேர் படித்தார்கள். ஒன்பது பேருக்குத்தான் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. மற்றவர்கள் ஜவுளிக்கடையிலும் ஆஸ்பத்திரி வரவேற்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

“ஒம்பது பேர் பணத்துல அறுபது பேருக்குப் பாடம் நடத்த முடியாது சாச்சி.”

“முடியலன்னா மூடியிருக்கணும். பக்கத்த மாத்தியிருக்கக் கூடாது” என்றாள் பெனாசிர். “அந்தப் பிள்ள மருந்துக்குப் பக்கத்துல உக்காந்து சம்பாதிக்குது. அந்தக் கூலில நீ சொல்லிக் குடுத்தது எம்புட்டு இருக்கு, சொல்லு.”

சாபிர் குனிந்து தாள்களின் ஓரத்தை நேராக்கினான்.

அவளுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பணம் வசூலிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அசலையே கையில் கொடுத்துத் தன்னை எதற்கு அனுப்பினான்? அதைக் கேட்டாள்.

அவன் தலையைத் தூக்காமல் சொன்னான். “வெளியாள்னா வாசிச்சுப் பாப்பான். நீங்க வாசிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

அவன் நினைத்தது தப்பில்லை. அவள் வாசிக்கவில்லைதான்.

நிபந்தனையைச் சுருக்கமாகச் சொன்னாள். பக்கம் மாறிய அத்தனை பேருக்கும் ஒரு வாரத்துக்குள் பழைய நிபந்தனைதான் செல்லும் என்று கடிதம் போக வேண்டும். வாங்கிய பணம் திரும்பிப் போக வேண்டும். இல்லாவிட்டால் எழில் கோர்ட்டுக்குப் போவாள், சாட்சிக் கூண்டில் சாச்சி நிற்பாள். தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அம்மாகிட்ட சொல்லிராதீங்க என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் சொல்லவில்லை. அவனே அழுதுகொண்டு போய்ச் சொல்லிவிட்டான். பைரோஜா அன்று மாலையே போன் செய்து, வளர்த்த பிள்ளையைக் கோர்ட்டுக்கு இழுக்கிறவள் இனி என் வாசலுக்கு வர வேண்டாம் என்றாள். பெனாசிர் விளக்க வாயெடுப்பதற்குள் போன் கட்டாகியிருந்தது.

வியாழக்கிழமை கடிதங்கள் போயின. எழில் தனக்கு வந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். வெள்ளிக்கிழமை பெனாசிர் அலுவலகத்தில் இரண்டு இட்லி வாங்கிவைத்து, ஒன்றைத் தின்றாள். ஊர்க்காவலன் அன்று வேண்டுமென்றே நாலு மணி வரை வீட்டுக்குப் போகாமல், இல்லாத கோப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரைக்குப் போன் அடித்தது. எழில் எண். ஆனால் பேசியது சண்முகத்தாய்.

மகள் காலையில் வந்து இறங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ஆலை வேலையை இந்த வாரத்தோடு விட்டுவிடுவதாகச் சொல்கிறாளாம். சண்முகத்தாய் அவளை அடித்தாளாம். பிறகு கட்டிக்கொண்டு அழுதாளாம். பிறகு மறுபடி கோபம் வந்துவிட்டதாம்.

“நான் அவகூடப் பேசல. அவளும் மூலையில உக்காந்துக்கிட்டு எங்கூடப் பேச மாட்டேங்கா. ஆறு கிலோமீட்டர் நடந்து போயி கறி எடுத்தாந்து கொழம்பு வச்சிருக்கேன். ரெண்டு பேரும் தட்டுல கை வைக்கல” என்றாள். மூச்சு விட்டுவிட்டுக் கேட்டாள். “நீங்க சாப்பிட்டீகளா?”

சாப்பிட்டேன் என்று சொல்வதுதான் பெனாசிருக்குப் பழக்கம். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாள்.

“இன்னும் இல்லம்மா” என்றாள்.

“பாய் கடையிலதான் எடுத்தேன், யோசிக்க வேண்டாம். பன்னெண்டு மணி பஸ்ஸப் புடிங்க. நடுவுல உக்கார எங்களுக்கு ஒரு ஆள் வேணும்.”

மணி பதினொன்று முப்பத்தெட்டு. பெனாசிர் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடினாள்.